சவுண்டை ஏற்றிய ஹலோ பாய்

இந்த நாட்டில் ஒரு பெரிய ஊழலுக்கு முழுப் பொறுப்பேற்றுக்கொண்ட ஒரே மனிதரை எனக்கு நேரில் தெரியும். அவர் முதல்வர் இல்லை, மந்திரி இல்லை, ஐ.ஏ.எஸ். இல்லை, ஒரு குமாஸ்தாகூட இல்லை. மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு சந்தில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். அவர் மேல் யாரும் எந்தக் குற்றமும் சாட்டவில்லை. அதுதான் அவருடைய மனக்குறை.

அவரை எல்லோரும் ஹலோ பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்னவென்று சந்தில் ஒருவருக்கும் தெரியாது. மற்ற மைக் செட்காரர்கள் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒன், டூ, த்ரீ என்று எண்ணுவார்கள், மைக்கைத் தட்டுவார்கள், ஊதுவார்கள். இவர் ஒரே ஒரு தடவை "ஹலோ" என்பார். அப்புறம் டெலிபோனில் காத்திருப்பதுபோலப் பேசாமல் நிற்பார். தெருக்கோடியிலிருந்து யாராவது "சொல்லுங்க பாய்" என்று குரல் கொடுத்தால்தான் மேடையை விட்டு இறங்குவார். கடைசி ஆளுக்குக் கேட்டதா என்று தெரியாமல் ஒருத்தரைப் பேச விடுவது மோசடி என்பது அவருடைய கொள்கை.

நான் அப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பேரையூருக்குத் தெற்கே கரிசல் காட்டில் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டிலிருந்து கோர்ட்டு சம்மன் வரைக்கும் சொந்தக்காரர்கள் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதனால் 'தெரியாது' என்ற சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்காமல், இன்னும் இரண்டு பெண்களோடு பாயின் கடைக்கு மேலே மாடி அறையில் தங்கியிருந்தேன். மூன்று பேருமே பல்கலைக்கழகத்தில்தான் படித்தோம் என்றாலும் என்னை மட்டும் பாய் "யுனிவர்சிட்டி" என்று கூப்பிடுவார். குடிவந்த அன்றே, அவர் கேட்காமலேயே, நான் என்ன படிக்கிறேன் என்று விளக்கமாகச் சொல்லியிருந்தேன்.

பாயின் தொழிலில் ஒரு சட்டம் இருந்தது. அவருடைய மைக்கில் பொய் பேசினால் சவுண்டைக் குறைத்துவிடுவார். நிறுத்த மாட்டார், குறைப்பார். மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்தாற்போல உட்கார்ந்து, திருகின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பேச்சைக் கேட்பார். "கடல்போலத் திரண்டிருக்கும் லட்சோப லட்சம் மக்களே" என்று ஒருத்தர் ஆரம்பித்தால், 'லட்சோப' என்பது வரைக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். 'லட்சம்' என்பது முன்வரிசைக்கு மட்டும் கேட்கும். ஏனென்றால் அங்கே போட்டிருந்த நாற்காலிகளும் பாயுடையவைதான், எண்ணிப் போட்டவர் அவர்தான்.

ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் நண்பர் மைக்கைப் பிடித்து, என் நண்பன் இதுவரைக்கும் பீடி, சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை என்று சொன்னார். சவுண்டு அப்படியே தரையோடு இறங்கியது. பெண் வீட்டார் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை ஓர் இரங்கல் கூட்டத்தில், செத்துப்போனவரோடு பல வருடம் வரப்புத் தகராறில் வழக்கு நடத்தியவர், "என் உயிர் நண்பரை இழந்துவிட்டேன்" என்று அழுதபோது, என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காக அந்த வீட்டம்மாள் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போக வேண்டியதாயிற்று.

இதெல்லாம் பேசியவர்களுக்குத் தெரியாது. வோல்டேஜ் பிரச்சினை என்று நினைத்துக்கொள்வார்கள். திட்டு முழுவதும் மின்வாரியத்துக்குப் போகும். இப்படிக் குறைப்பதற்குப் பதிலாக ஒரேயடியாக நிறுத்திவிடலாமே என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நிப்பாட்டுனா பாவம்மா," என்றார். "பேச அவருக்கு உரிமை இருக்கு. ஆனா அம்புட்டுத் தூரம் கேக்கணும்னு என்ன இருக்கு?"

எங்கள் பாடத்திட்டத்தில் கருத்துச் சுதந்திரத்துக்கு ஒரு பருவம் முழுவதும் ஒதுக்கியிருந்தார்கள். அதில் இந்தக் கோணம் இல்லை.

இப்போது அடிபம்புக்கு வருகிறேன். சந்தின் முனையில் ஒரு அடிபம்பு இருந்தது. தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், ஆனால் எந்த ஆட்சியிலும் வரும். வீட்டுக்கு வீடு குழாய் போடும் பெரிய திட்டம் ஒன்று வந்தது. குழாய் பதிக்கிற வழியில் அந்தப் பம்பு நின்றது. பிடுங்க வந்தவர்களை இட்லிக் கடை பஞ்சவர்ணம் அக்கா விடவில்லை. பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, புதுத் தண்ணியை ஒரு மாதம் குடித்துப் பார்க்கிறோம், அப்புறம் வந்து பழசைப் பிடுங்குங்கள் என்று நின்றார். சந்தே அவர் பின்னால் நின்றது. அதிகாரிகள் போய்விட்டு வந்தார்கள், வந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அந்தத் துறையின் மந்திரியே ஒரு பொதுக்கூட்டத்துக்கு வந்தார். எந்த மந்திரி, எந்தத் துறை, எந்த ஆட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாயை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

மைக் செட் நம்முடைய பாயுடையது. மந்திரி மேடை ஏறுவதற்கு முன் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். ஆம்ப்ளிஃபயரிடம் வந்து நின்று, அதன் தலையில் கையை வைத்து, "நல்ல செட்டு. நீங்களே பராமரிக்கிறீங்களா?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் மேடை ஏறிய ஒருவரும் பாயைத் திரும்பிப் பார்த்ததில்லை. பாய் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

மந்திரி பேசினார். அடுத்த கோடையில் ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரும் என்றார். இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய் தப்பாகப் போயிருந்தாலும் இதே இடத்துக்கு வந்து, இதே மைக்கில் உங்களுக்குப் பதில் சொல்வேன் என்றார். பாயின் விரல் திருகின் மேல் இருந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார். அப்போது அவர் வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியத்தைச் செய்தார். சவுண்டை ஏற்றினார்.

கோரிப்பாளையம் சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் அந்த வாக்குறுதி கேட்டது. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த நாங்களும் கேட்டோம். பஞ்சவர்ணம் அக்கா இட்லிப் பானையை மூடிவிட்டு வாசலுக்கு வந்து முழுவதையும் கேட்டார். பாய் சவுண்டை ஏற்றுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று சந்து முடிவு செய்தது. அந்த வாரமே பம்பைப் பிடுங்க விட்டார்கள்.

கோடை வந்தது. குழாயும் வந்திருந்தது. நீல நிறத்தில், வீட்டுக்கு ஒன்றாக, பார்க்க அழகாக நின்றது. திறந்தால் காற்று வந்தது. சில வீடுகளில் அதுவும் வரவில்லை.

அப்புறம்தான் டிவியில் அந்தச் செய்தி வந்தது. குழாய் வாங்கியதில் ஊழல். எத்தனை கோடி என்று சேனலுக்குச் சேனல் ஒரு தொகை சொன்னார்கள். மந்திரி, வாங்கியது அதிகாரி என்றார். அதிகாரி, வாரியம் சொன்னதைச் செய்தேன் என்றார். வாரியம், இது முந்தைய ஆட்சியின் ஒப்பந்தம் என்றது. முந்தைய ஆட்சியின் மந்திரியைத் தேடினால் அவர் இந்த ஆட்சியின் கட்சிக்கு வந்து சேர்ந்திருந்தார். முதல்வர், சட்டம் தன் கடமையைச் செய்யும் என்றார். சட்டம் எதையும் சொல்லவில்லை. எதிர்க்கட்சி சட்டசபையிலிருந்து வெளிநடப்புச் செய்து, மறுநாள் உள்ளே போய், அதே விஷயத்துக்காக மறுபடியும் வெளியே வந்தது. டெல்லியிலிருந்து ஒரு குழு வரும் என்றார்கள். வந்தது என்றும் சொன்னார்கள். யாரும் பார்க்கவில்லை.

சந்து விளக்கம் கேட்டு என்னிடம் வந்தது. படித்த பெண் இருக்கிறபோது டிவியை எதற்குப் பார்க்க வேண்டும்? நானும் பெருமையோடு ஒரு சாக்பீஸை எடுத்து, பாய் கடையில் சாத்தி வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில் படம் போட்டு விளக்கினேன். மந்திரியிலிருந்து அதிகாரிக்கு ஒரு அம்புக்குறி, அதிகாரியிலிருந்து வாரியத்துக்கு, அங்கிருந்து ஒப்பந்தக்காரருக்கு, அங்கிருந்து முந்தைய மந்திரிக்கு, அங்கிருந்து கட்சிக்கு. கட்சியிலிருந்து கிளம்பிய அம்பு நேராக மந்திரியிடமே திரும்பி வந்து நின்றது. நான் அதை அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் வந்தது.

பஞ்சவர்ணம் அக்கா இடுப்பில் குடத்தோடு நின்று பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரித்தா. இதுல தண்ணி எந்தக் கோட்டு வழியா வரும்?" என்றார்.

இது கொஞ்சம் சிக்கலான விஷயம் என்றேன். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளித் தண்ணீர் லாரி நிற்கிற இடத்துக்குப் போய்விட்டார்.

இந்த வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பாய் ஓரத்தில் உட்கார்ந்து அம்புக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு கேட்டார்: "யுனிவர்சிட்டி, இதுல என்னையக் காணோமே?"

"உங்களை எதுக்கு பாய் போடணும்?"

"நான்தானம்மா சவுண்ட ஏத்துனேன். நான் பேசாம இருந்திருந்தா பஞ்சவர்ணம் பம்ப விட்டுருக்காது."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஆம்ப்ளிஃபயரின் மேல் ஒரு பச்சைத் துணியைப் போர்த்தி, செட் வாடகைக்குக் கிடையாது என்று அட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டார். வைகாசி முகூர்த்த நேரம். அவருடைய மனைவி நூர்ஜகான் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் முறையிட்டார். "எவனோ மெட்ராசுல தின்னான். இந்த மனுசன் இங்க உக்காந்து ஏப்பம் விடுறாரு. நீ படிச்ச புள்ளைதான, எடுத்துச் சொல்லு." எடுத்துச் சொல்லப் போன என்னையே பாய் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனோம். உள்ளே ஒரு அதிகாரி இருந்தார். புகாரா என்று கேட்டார். ஆமாம் என்றார் பாய்.

"யார் மேல?"

"என் மேலதான் சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எம்.ஏ. படிக்கிறேன் என்று சொன்னேன். அது அவருக்கு உதவவில்லை.

"என்ன செஞ்சீங்க?"

"சவுண்ட ஏத்திட்டேன் சார்."

"எந்தச் சவுண்ட?"

"மந்திரி பேசுனப்ப. குழாய்த் தண்ணி வரும்னு சொன்னாருல்ல, அந்த எடத்துல. எப்பவும் கொறைப்பேன். அன்னைக்குன்னு ஏத்திட்டேன். நீங்க என்னைய விசாரிச்சு எழுதிக்கிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

மந்திரி என்ற சொல் விழுந்ததும் அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். எங்களுக்கு டீ வந்தது. அவர் உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசினார். மேலதிகாரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய் யாருக்கோ போன் செய்தார். யார் அனுப்பி வந்தீர்கள் என்று மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். யாரும் அனுப்பவில்லை என்று பாய் சொல்லச் சொல்ல, மிகப் பெரிய ஆள் யாரோதான் அனுப்பியிருக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகிக்கொண்டே போனது. கடைசியில், தானாக வந்து ஒப்புக்கொள்கிறவர்களை விசாரிக்கத் தங்களுக்கு மேலிடத்து உத்தரவு இல்லை என்று மரியாதையாகச் சொல்லி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

வாசலில் ஒரு நிருபர் நின்றிருந்தார். அன்று சாயங்காலமே டிவியில் ஓடியது: குழாய் ஊழலில் திருப்பம், மதுரையில் முக்கிய சாட்சியிடம் ரகசிய விசாரணை. பாயின் முகத்தை வட்டம் போட்டுக் காட்டினார்கள். என் முகத்தை மறைத்து, அடையாளம் தெரியாத பெண் என்று போட்டார்கள். பேரையூரில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. என் சுடிதார் அவர்கள் வாங்கிக் கொடுத்தது.

அப்புறம் நடந்தது எதையும் என்னால் இன்றைக்கு வரைக்கும் வரிசைப்படுத்த முடியவில்லை. பாயிடம் அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு இருக்கிறது என்று எங்கேயோ ஒரு வதந்தி கிளம்பியது. பேச்சை எல்லோரும் நேரிலேயே கேட்டிருந்தார்கள், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒலிப்பதிவு என்றதும் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் கடைக்கு வந்து பாய்க்குச் சால்வை போர்த்தி, நீங்கள் நம்ம ஆளு என்றார். ஒரு மணி நேரம் கழித்து எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, அவர்களும் சால்வை போர்த்தி, அவர்களும் அதையே சொன்னார்கள். பாயிடம் ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. கிடையாது என்று அவர் சொன்னதை இரண்டு கட்சிகளும், தங்களிடம் கொடுக்க மறுக்கிறார் என்றே புரிந்துகொண்டன. நூர்ஜகான் அக்கா சால்வைகளைச் சன்னலுக்குத் திரையாக மாட்டினார்.

சந்தில் மட்டும் யாரும் பாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. அவர் கடைத் திண்டில் உட்கார்ந்திருப்பார். பெண்கள் லாரித் தண்ணீரைச் சுமந்துகொண்டு அவரைத் தாண்டிப் போவார்கள். அந்தப் பக்கமே திரும்பாமல் போவார்கள். அதுதான் அவரைத் தின்றது. ஒரு நாள் பஞ்சவர்ணம் அக்காவின் கடைக்கு வலியப் போய், "நீயாவது என்னைய ஒரு வார்த்தை கேளு" என்றாராம். "வியாபார நேரத்துல என்னத்தக் கேக்க, தள்ளி நில்லுங்க பாய்" என்று அக்கா அனுப்பிவிட்டார்.

அந்த நிலையில்தான் மந்திரி மறுபடியும் வருகிறார் என்று செய்தி வந்தது. அதே இடம். அவதூறுகளுக்குப் பதிலளிக்கும் மாபெரும் விளக்கப் பொதுக்கூட்டம் என்று சுவரெல்லாம் போஸ்டர். வட்டச் செயலாளர் மைக் செட்டுக்குப் பாயிடமே வந்தார். ஒலிப்பதிவு வைத்திருக்கிற ஆளைக் கண்ணெதிரில் வைத்துக்கொள்வது நல்லது என்பது மேலிடத்து யோசனையாம். அட்டையைக் காட்டிப் பாய் மறுத்துவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் அட்டையைக் கழற்றினார். பச்சைத் துணியை எடுத்து மடித்து வைத்தார்.

"சொன்ன எடத்துலதான போயிப் பதில் சொல்லணும்?" என்றார் என்னிடம்.

மந்திரியைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

கூட்டத்தன்று சாயங்காலம் சந்தே அங்கே இருந்தது. போலீஸ் இருந்தது. இரண்டு கட்சி ஆட்களும், டிவிக்காரர்களும் இருந்தார்கள். பாய் சவுண்டைக் குறைப்பாரா, ஒரேயடியாக வயரைப் பிடுங்குவாரா, பிடுங்கினால் அவரை எங்கே கொண்டுபோய் வைத்து அடிப்பார்கள் என்றெல்லாம் என் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நூர்ஜகான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மந்திரி மேடையில் உட்கார்ந்தார். பாய் மைக்கைச் சோதிக்க ஏறினார். "ஹலோ" என்றார். வழக்கம்போல நின்றார். யாரும் "சொல்லுங்க பாய்" என்று சொல்லவில்லை. அவர் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"நான் மைக் செட்டு பாய் பேசுறேன். போன தடவை இங்க ஒரு பேச்சு நடந்துச்சு. நான் அத நம்பிச் சவுண்ட ஏத்துனேன். நீங்க என்னைய நம்பிப் பம்ப விட்டீங்க. இப்ப உங்களுக்குத் தண்ணி இல்ல. அது என் தப்பு. யாரும் என்னையக் கேக்க மாட்டேங்கிறீங்க. அதனால நானே வந்து சொல்றேன்."

அவ்வளவுதான் பேசினார். மந்திரியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அதனால் கட்சிக்காரர்களுக்குக் கோபப்படுவதா, கைதட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேர் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மேடையில் மந்திரி சிரித்த முகத்தை மாற்றாமலே வட்டச் செயலாளரைத் தேடினார். வட்டச் செயலாளர் மேடைக்குப் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பஞ்சவர்ணம் அக்கா எழுந்தார்.

"அது கெடக்கட்டும் பாய். தண்ணி எப்ப வரும்?"

இவ்வளவு நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவரிடம் கடைசியில் ஒருத்தர் கேட்டுவிட்டார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் பாய். "சொன்னவரு இங்கதான் இருக்காரு."

சொல்லிவிட்டு மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மந்திரியிடம் நீட்டினார். இதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்குப் பதில் தெரியாது, தெரிந்தவரிடம் மைக்கைக் கொடுத்தார். மைக் செட்காரர் செய்கிற வேலைதான் அது.

மந்திரி மைக்கை வாங்கினார். அவர் மைக்கைத் தட்டினார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். அப்புறம் மைக்கில், "மைக்கு வேலை செய்யலையேப்பா. யாருக்கும் கேக்கலை போல" என்றார்.

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த அத்தனை ஸ்பீக்கரிலும் அது போனது. சந்திப்புச் சிக்னலில் நின்றவர்களுக்குப் போனது. ஆற்றைத் தாண்டிப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. அவ்வளவு சுத்தமான சவுண்டு.

பின்வரிசையில் ஒருவர் சாதுவாக, "கேக்குது சார்" என்றார். பக்கத்தில் இருந்தவரும் சொன்னார். பெண்கள் சொன்னார்கள். யாரும் கத்தவில்லை, சிரிக்கவில்லை. "நல்லா கேக்குதுய்யா, சொல்லுங்க" என்று கடையில் சில்லறை வாங்குகிற குரலில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மந்திரி மைக்கைப் பாயின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவசர வேலை என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் விசாரணைக்கு உத்தரவு வந்தது. எத்தனையோ நாளாக நாடு எதிர்பார்த்த விசாரணை. ஆம்ப்ளிஃபயர் மேல். கூட்டத்தில் மைக் பழுதானதற்குக் காரணம் இயந்திரக் கோளாறா, சதியா என்று கண்டறிய ஒரு குழு போட்டார்கள். வேனில் வந்து ஆம்ப்ளிஃபயரைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து அதைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பாயைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம். முதலிலிருந்து எல்லாவற்றையும் அவர் சொல்ல, சவுண்டை எந்த எண் வரைக்கும் ஏற்றினார் என்பது உட்பட எழுதி வாங்கிக்கொண்டார்களாம். அதை யார் படித்தார்கள் என்று தெரியாது. ஆம்ப்ளிஃபயர் எந்தக் குறையும் இல்லாதது என்ற சான்றோடு திரும்பி வந்தது. அந்த ஊழலில் சம்பந்தப்பட்டவர்களில் நிரபராதி என்று எழுத்தில் வாங்கியது அது ஒன்றுதான். மந்திரி பதவி விலகவில்லை. வேறு துறைக்குப் போனார். அது தண்டனையா, உயர்வா என்று என் பேராசிரியர்களைக் கேட்டேன். அவர்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

ஒரு நாள் காலையில் மாநகராட்சி வண்டி ஒன்று வந்து, சந்து முனையில் துளை போட்டு, புது அடிபம்பு ஒன்றை நட்டுவிட்டுப் போனது. யார் உத்தரவு என்று கேட்டேன். வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அப்படி ஒரு உத்தரவே போடவில்லை என்றார்கள். இதற்கும் யாரும் பொறுப்பேற்கவில்லை. அதற்கு மேல் நோண்டாதே, பிடுங்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்று பஞ்சவர்ணம் அக்கா என் வாயை அடைத்தார்.

எல்லோருக்கும் மறந்துவிட்டது. பாய்க்கு மறக்கவில்லை. தப்பு என்று ஒத்துக்கொண்டால் தண்டனை வேண்டாமா என்றார். யாரும் கொடுக்காததால் அவரே கொடுத்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும், மாடி வீடுகளுக்கும் முடியாதவர்கள் வீட்டுக்கும் தினம் காலையில் ஒரு குடம் தண்ணீர் அவர் சுமந்து கொண்டுவந்து ஊற்றுவார். எங்கள் அறைக்கும் வந்தார். நான் கூச்சத்தில் வேண்டாம் என்றேன். அடுத்தவர் சுமந்து வந்த தண்ணீரில் குளித்து எனக்குப் பழக்கமில்லை. "இது உனக்குக் கொண்டாரலம்மா, எனக்குக் கொண்டாரேன்" என்று சொல்லி ஊற்றிவிட்டுப் போனார்.

அரசியல் கட்சிகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. காதுகுத்தும் கல்யாணமும் அவருக்குப் போதுமாக இருந்தது.

நான் எம்.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த சமயத்தில், யாரும் எதிர்பார்க்காத ஒரு காலையில், கீழே வாசல் குழாயில் தண்ணீர் வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் வந்து நின்றது. நாங்கள் வாளியை நிரப்பி மேலே தூக்கிவந்து வைத்தோம். பாய் வழக்கம்போலக் குடத்தோடு படியேறி வந்து, நிரம்பிய வாளியைப் பார்த்தார். ஊற்ற இடமில்லை. குடத்தைத் தோளில் வைத்தபடியே வாசலில் நின்றார். வேலை போய்விட்டது என்று ஆபீசிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்போல நின்றார். வரும் என்று சொன்ன தண்ணீர் வந்துவிட்டது, அவர் சந்தோஷப்பட வேண்டும். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் கால் நகரவில்லை. அப்புறம், "நாளைக்கு வருமான்னு யாரு சொல்றது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார்.

மறுநாளும் குழாயில் தண்ணீர் வந்தது. சந்தில் அன்று காலையில் ஒரு வீட்டு வாசலிலும் நிரம்பிய பாத்திரம் எதுவும் கண்ணில் படவில்லை. பஞ்சவர்ணம் அக்கா அண்டாவைப் புடவை போட்டு மூடி வைத்திருந்தார். யாரும் யாரிடமும் சொல்லிவைத்துக்கொள்ளவில்லை. படியில் பாயின் செருப்புச் சத்தம் கேட்டதும், நானும் நிரம்பிய வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலி வாளியை எடுத்து முன்னால் வைத்துக் கதவைத் திறந்தேன்.